யாழ்ப்பாணத்துக் 'கல்வெட்டு'ம் குடும்ப வரலாறும்: எண்ணிம ஆவணங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சைவக் குடும்பங்களில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் நிகழும் அந்தியேட்டிக்கும் வீட்டுக்கிருத்தியத்துக்கும் வந்தோர் கையில் ஒரு சிறு நூல் கொடுக்கப்படுவது நெடுநாளைய வழக்கம். 'கல்வெட்டு' என்பது அதற்குப் பெயர். இக்காலத்தில் 'நினைவு மலர்' என்றும் வழங்குவர். கொடுக்கப்பட்ட நாளில் பலரும் புரட்டிப் பார்ப்பர். மறுநாள் அது சுவாமியறைத் தட்டிலோ றங்குப்பெட்டியிலோ போய்ச் சேரும். ஈழத்து இலக்கிய வரலாறு எழுதியோர் இவ்வகை நூல்களைப் பெரிதும் பொருட்படுத்தியதில்லை. செய்யுள் என்ற வகையில் அவை பெரும்பாலும் சாதாரணமானவை என்பதை நாமும் மறுக்கவில்லை.

ஆயின் கடந்த இரு தசாப்தங்களில் இக்கல்வெட்டுகளுக்கு எதிர்பாராத புதிய வாசகர் தோன்றியுள்ளனர். 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'நூலகம்' எண்ணிமத் திட்டம், ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் ஆகியவற்றோடு பாடசாலை மலர்களையும் கோயில் கும்பாபிஷேக மலர்களையும் நினைவு மலர்களையும் வருடி இணையத்தில் இட்டு வருகின்றது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் பிறந்து வளர்ந்தோர், தம் பூட்டன் யார், அவர் எந்தக் குறிச்சியினர், மலாயாவுக்குச் சென்றவர் எவர் என்ற வினாக்களுடன் அப்பக்கங்களை நாடுகின்றனர். முப்பத்தோராம் நாளுக்கென எழுதப்பட்ட ஒரு பனுவல் வரலாற்று மூலமாக மாற்றம் பெற்றுள்ளது. இம்மாற்றம் திறனாய்வாளர் சிலவற்றைக் கேட்கவேண்டிய தேவையை ஏற்படுத்துகின்றது. கல்வெட்டு எவருடைய வரலாற்றைச் சொல்கின்றது? எதனைச் சொல்லாது விடுகின்றது? இணைய ஆவணகம் அவ்விடைவெளியைக் குறைக்கின்றதா, கூட்டுகின்றதா? இக்கட்டுரை இவ்வினாக்களையே எடுத்துக்கொள்கின்றது.

முதலில் பனுவலின் அமைப்பை நோக்குவோம். முகப்பில் அமரரின் நிழற்படம். அடுத்துத் தேவார திருவாசகங்கள். பின்னர் திதி வெண்பா. இவ்வெண்பா இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றைத் தரும். அதன்பின் 'வரலாறு' எனும் பகுதி உரைநடையாகவோ விருத்தமாகவோ அமையும். ஊர்ச் சிறப்பு, குலச் சிறப்பு, பெற்றோர், உடன்பிறந்தார், கல்வி, உத்தியோகம், விவாகம், மக்கள், மருமக்கள், பேரர் என்ற ஒழுங்கில் அது செல்லும். தொடர்ந்து மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்பன வரும். இறுதியில் நன்றி நவிலல். ஊரிலுள்ள புலவரோ, தமிழ் படிப்பித்த உபாத்தியாயரோ இதனை யாத்துக் கொடுப்பர். முன்னர் இதனைக் கிரியை முடிந்ததும் இசையோடு படித்துக் காட்டும் வழக்கமும் இருந்தது. கேட்ட பெண்கள் அழுவர். அழச் செய்தலே அதன் முதற்பயன் என்பதை ஆவணமாகக் கருதி அணுகும் இன்றைய வாசகர் மறந்துவிடுதல் கூடாது.

கையறுநிலையின் தேய்ந்த வடிவம் என இதனைச் சிலர் கூறுவர். பெயரை நோக்கின் நடுகல்லின் நினைவும் எழும். நாம் அவ்வளவு தூரம் பின்செல்ல விரும்பவில்லை. கல்வெட்டின் செய்யுள்முறையை விளங்கிக்கொள்வதற்குப் பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் வெளிவந்த தமது வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில ஆய்வில் விளக்கிய வாய்பாட்டுக் கொள்கை கூடுதலாக உதவுகின்றது. வாய்மொழிப் புலவன் ஆயத்தமாகவுள்ள தொடர்களையும் அடைகளையும் இணைத்து விரைந்து பாடுவது போலவே, கல்வெட்டுப் புலவரும் முப்பது நாளுக்குள் அச்சுக்குக் கொடுக்கவேண்டிய நெருக்கடியில், கையிலுள்ள வாய்பாடுகளில் பெயர்களை மாற்றிப் பெய்கின்றார். ஓர் ஊரில் ஒரே புலவர் யாத்த கல்வெட்டுகள் பத்தை அருகருகே வைத்துப் படித்தால், பத்துப் பேரும் ஒரே விதமாக வாழ்ந்து ஒரே விதமாக இறந்தனர் எனத் தோன்றும். எனவே 'வறியோர்க்கு வாரி வழங்கினார்' என்பது ஒருவரின் வாழ்க்கைச் செய்தி அன்று. அது செய்யுளின் ஓர் உறுப்பு. ஒரு கல்வெட்டில் வாய்பாடு முறிந்து, வேறெங்கும் காணாத ஒரு செய்தி தலைகாட்டும் இடமே குடும்ப வரலாறு தேடுவோருக்குப் பயன்தரும் இடம். சயிக்கிள் வாங்கிய கதை, ஒரு வழக்கின் பெயர், கொழும்பில் நடத்திய சுருட்டுக் கடையின் தெரு என்பன அத்தகையவை.

திதி வெண்பா பற்றி இங்கு ஒன்று கூறவேண்டும். அறுபதாண்டு வட்டத்துப் பெயரை மட்டுமே அது பெரும்பாலும் தரும். 'விகாரி வருடம்' என்றால் 1899-1900 ஆகலாம், 1959-60 ஆகலாம், 2019-20 உம் ஆகலாம். ஆண்டுத் திவசம் செய்வதற்கு மாதமும் பட்சமும் திதியுமே வேண்டற்பாலன. நூற்றாண்டு புலவருக்குத் தேவையற்றது. ஆதலால் அட்டை கிழிந்து, அச்சகத்தின் பெயரும் போய்விட்ட கல்வெட்டொன்று எண்ணிம வடிவில் கிட்டும்போது, அதனை அறுபதாண்டு முன்பின்னாக வைத்துவிடுதல் எளிதில் நேரக்கூடிய பிழை. எமது குடும்பத்துக் கல்வெட்டொன்றை நாமே முதலில் அவ்வாறு 1899 எனக் குறித்துவைத்திருந்தோம். அமரர் மலாயாப் புகையிரதப் பகுதியில் நெடுங்காலம் வேலைசெய்து பென்சன் பெற்று ஊர் திரும்பியவர் என்ற வரியைப் பின்னரே கவனித்தோம். யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குப் பெருந்தொகையாகச் செல்லத் தொடங்கியதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். எனவே அது 1959 ஆதல் வேண்டும். மலாயா பற்றிய குறிப்பு உள்ளவர்களுக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் இணையத்தில் வைத்துள்ள பழைய பத்திரிகைகள் பெருந்துணை. இடமாற்றம், பரீட்சைச் சித்தி, விளையாட்டுப் போட்டி, மரணம் எனப் பல செய்திகளில் யாழ்ப்பாணத்துப் பெயர்கள் அங்கு அகப்படுகின்றன.

கல்வெட்டின் உடன்பிறப்பாகிய மரண அறிவித்தலையும் இங்கு சேர்த்தெண்ணல் வேண்டும். இலங்கை வானொலியிலும், 'வீரகேசரி', 'ஈழநாடு', பின்னர் 'உதயன்' ஆகிய நாளிதழ்களிலும், இன்று இணையத்திலும் வெளிவரும் இவ்வறிவித்தல் ஒரே வாக்கியமாக நீளும். ஓரூரைப் பிறப்பிடமாகவும் மற்றோரூரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், காலஞ்சென்ற இன்னாரின் கனிஷ்ட புதல்வியும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும் என எண்ணும்மையாக வளரும் அவ்வாக்கியத்தைத் தமிழாசிரியர் நகைப்பர். குடும்ப வரலாற்றாளருக்கோ அது பொற்சுரங்கம். முப்பது நாற்பது உறவுகள் முறைப்பெயரோடு ஒரே இடத்தில் தரப்படுகின்றன. கல்வெட்டு குலத்தைப் புகழும். அறிவித்தல் புகழ நேரமின்றி உறவை மட்டும் சொல்லும். நம்பகத்தன்மையில் இரண்டாவதையே நாம் மேலாக மதிக்கின்றோம்.

இனி, எமது கைக்கு எட்டிய ஓர் எடுத்துக்காட்டை விரிவாக நோக்கலாம். றங்குப்பெட்டியொன்றில் கிடைத்த 1930களைச் சேர்ந்த கல்வெட்டில், அமரர் ஊர்ப் பிள்ளைகள் கல்வி பெறும் பொருட்டுத் தம் காணியைப் பாடசாலைக்கு ஈந்த வள்ளல் என ஒரு விருத்தம் பாடுகின்றது. மேற்கூறிய வாய்பாடுகளுள் இது அடங்காது. பாடசாலை இன்றும் அவ்விடத்தில் உள்ளது. எனவே செய்தி உண்மை எனக் கொண்டோம். அதே பெட்டியின் அடியில் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட நன்கொடை உறுதியின் பிரதியும் இருந்தது. அதில் நன்கொடையாளர் அமரரல்லர், அவருடைய மனைவி. காணி அப்பெண்ணுக்கு அவள் தாயிடமிருந்து சீதனமாக வந்தது என உறுதியின் முற்பகுதி உரிமைத் தொடர்ச்சியைச் சொல்கின்றது. கணவர் சம்மதம் தெரிவித்துக் கையொப்பம் இட்டுள்ளார். அப்பெண் கையெழுத்து அறியாதவளாதலால் கைக்குறி இட்டிருக்கிறாள்.

இதன் பின்னணியைத் தேசவழமை விளக்கும். ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் 1707 இல் தொகுக்கப்பட்டு, பிரித்தானியரால் 1806 இல் சட்டவலு அளிக்கப்பெற்ற இவ்வழக்காறு, ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பகுக்கின்றது. சீதனம் பெண்ணின் வழி பெண்ணுக்குச் செல்வது. யாழ்ப்பாணத்தில் மணமகன் பெண்ணின் சீதன வீட்டுக்குச் சென்று வாழ்தலே பெருவழக்கு. ஆயினும் பெண் தன் அசையா ஆதனத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிப் பராதீனப்படுத்த முடியாது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் பற்றிய கட்டளைச் சட்டமும் இதனை நிலைநிறுத்தியது. உடைமை பெண்ணிடமும் ஒப்புதல் ஆணிடமும் இருந்த இந்நிலை, கல்வெட்டில் எவ்வாறு மாறிவிடுகின்றது என்பது நோக்கற்பாலது. ஒப்புதல் அளித்தவர் வள்ளலானார். கொடுத்தவள், 'இன்னாரின் ஏக புத்திரியை மணம்புரிந்து' என்ற தொடரில் தந்தையின் பெயருக்குள் மறைந்தாள். மனைவி புலம்பல் பன்னிரண்டு செய்யுள். பன்னிரண்டும் அவள் வாயாகவே பாடப்படுகின்றன. அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவள் பெயரை நாம் அறிந்தது அந்த உறுதியினால்தான். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தாள் என்ற செய்தியைப் புலவர் பாடியிருந்தால் அக்கல்வெட்டு எவ்வளவு வேறான செய்யுளாகியிருக்கும்!

இவ்விடத்தில் காணியுறுதிகளின் பெறுமதி தெளிவாகின்றது. வம்சாவளி ஆண்வழியாக எழுதப்படுகின்றது. உறுதியோ சீதனத்தின் தடத்தைப் பின்பற்றித் தாய்வழியை எழுதுகின்றது. மேலும் பரப்பும் குழியும் கூறியபின் நான்கெல்லைகள் தரப்படும். அயற்காணிக்காரர் பெரும்பாலும் உரிமைப் பிரிவினையில் பங்கு பெற்ற சகோதரரே. மேற்கூறிய உறுதியின் கிழக்கெல்லையில் கண்ட பெயரைக் கொண்டே, குடும்பத்தில் எவரும் அறியாதிருந்த ஒரு தமக்கையின் கிளையை நாம் கண்டுபிடித்தோம். துரதிர்ஷ்டவசமாக, இணையத்தில் மிகக் குறைவாகக் கிட்டும் ஆவணமும் இதுவே. உறுதிகள் தனியார் பெட்டிகளில் உள்ளன. போர்க்காலத்தில் அழிந்தவை எத்தனையோ. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்கள் கைப்பையில் காவிச் சென்றவற்றுள் முதன்மையானவை உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களுமே.

இணைய ஆவணகம் என்ற முயற்சியின் தேவையை எமக்கு உணர்த்த 1981 ஒன்றே போதும். அவ்வாண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. ஒரே பிரதி ஒரே இடத்தில் இருத்தலின் ஆபத்தை எமது சமூகம் அன்று கற்றது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் பின்னர் எழுந்த நூலகமும் தன்னார்வத் தொண்டர் உழைப்பால் வளர்ந்தவை. அவற்றின் பயன் பற்றி இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் நன்றியுணர்வு திறனாய்வுக்குத் தடையாகலாகாது.

கல்வெட்டுகள் பெருமளவுக்குப் பக்கப் படிமங்களாகவே கிட்டுகின்றன. பட்டியலில் நூல் அமரரின் பெயரால் நிற்கின்றது. அமரரின் பெயரைத் தேடுவோர் அதனைக் காண்பர். புலம்பலில் வரும் மகளையோ, நன்றி நவிலலில் வரும் மைத்துனனையோ தேடுவோர் காணார். உயிரோடிருந்தபோது கல்வெட்டில் பெயரின்றி நின்ற பெண், தான் இறந்தபோது தனக்கெனக் கல்வெட்டு அச்சிடப்படாதவளாயின், பட்டியலிலும் இல்லாதவளாகின்றாள். புலவர் செய்த விடுகையைப் பட்டியல் அறியாமலே மீளச் செய்கின்றது. தொண்டர்களைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. ஒவ்வொரு நினைவு மலருக்கும் அதில் வரும் பெயர்கள் அனைத்தையும் அட்டவணைப்படுத்தும் வேலையைப் பல்கலைக்கழகத் தமிழ், வரலாற்றுத் துறை மாணவர் ஏற்றால், ஒரு பட்டத்துக்குரிய ஆய்வேடுகள் பலவற்றினும் அது பயனுடையதாகும் என்பதே எமது துணிபு.

பெயர் பற்றிய சிக்கல் இத்துடன் முடிவதன்று. எமக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரே முதலெழுத்து. புலம்பெயர்ந்த நாட்டில் பதிவு அலுவலகம் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுகின்றது. மணமான பெண் கணவனின் பெயரைப் பெறுகின்றாள். இரு தலைமுறையில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மூன்று 'குடும்பங்கள்' ஆகின்றனர். குடும்ப மரம் வரையும் கணினி நிரல்கள் பலவும் பயன்படுத்தும் 'ஜெட்கொம்' எனும் கோப்பு வடிவம் அமெரிக்க மோர்மன் திருச்சபையினரால் 1984 இல் உருவாக்கப்பட்டது. அது பெயருள் குடும்பப் பெயரைச் சாய்கோடுகளுக்கிடையே தனியே பிரித்துக் காட்டுகின்றது. எமது பெயரை அதற்குள் இடும்போதே எமது சமூக அமைப்பைப் பற்றிய ஒரு பொய்யையும் சேர்த்து இடுகின்றோம். மாமன் மகளை மணத்தலும் மாற்றுச் சடங்காக இரு குடும்பத்தார் பெண் கொடுத்துப் பெண் எடுத்தலும் வழக்கமாயுள்ள ஊரில், மரம் என்ற உருவகமே பொருந்துவதில்லை. ஆலமரத்து விழுதுகள் போல் கிளைகள் மீண்டும் மண்ணுக்கு வருகின்றன. மச்சான், மச்சாள், சம்பந்தி, சகலன் என்ற முறைகளை எழுத அப்படிவத்தில் இடமே கிடையாது.

எழுத்துக்கூட்டல் வேறொரு தொல்லை. ஆங்கில எழுத்தில் கந்தையா என்ற ஒரே பெயர் மூன்று நான்கு விதமாக எழுதப்படும். சின்னத்தம்பி அதனிலும் கூடுதலாக. அமெரிக்க மிஷனின் கதை இன்னும் விசித்திரமானது. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அம்மிஷனாரின் விடுதிப் பாடசாலைகளிலும், 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலும் பயின்ற பிள்ளைகள் பலருக்கு, அமெரிக்காவில் இருந்து பணம் அனுப்பிய உபகாரிகளின் பெயர்கள் இடப்பட்டன. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்போர் இலக்கிய வரலாற்று மாணவர் அறிந்தோர். இவர்கள் இரு பெயரையும் சேர்த்தே வழங்கியதால் தப்பினர். ஆங்கிலப் பெயரோடு மட்டும் மிஷன் பதிவில் உள்ள ஏழைப் பிள்ளையை, தமிழ்ப் பெயரோடு ஊரில் வாழ்ந்த மனிதனோடு எவ்வாறு பொருத்துவது? அம்மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன. மாசசூசெற்சிலுள்ள ஓர் உபகாரியின் பெயர், மானிப்பாய்க் குடும்பமொன்றின் சந்ததிப் பெயராக இன்றும் நிலவலாம். அவ்வுபகாரி அப்பிள்ளையை ஒருநாளும் கண்டதில்லை.

எனினும், மேற்கூறியன அனைத்தும் ஆவணம் உள்ளவர்களின் இடர்ப்பாடுகளே. ஆவணம் இல்லாதோரை நோக்கும்போது வினாவின் தன்மையே மாறுகின்றது. குடிவழி எழுதுதல் யாழ்ப்பாணத்தில் ஒருபோதும் நடுநிலையான செயலாய் இருந்ததில்லை. 'கையிலாயமாலை'யும் 'வையாபாட'லும் குடியேறிய குடிகளின் வரிசையை ஊரும் குலமும் கூறி நிறுவுகின்றன. ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளால் மயில்வாகனப் புலவர் இயற்றியதாகக் கூறப்படும் 'யாழ்ப்பாண வைபவமாலை'யும் அவ்வழியில் வருவது. நிலவுடைமையையும் சாதித் தலைமையையும் நியாயப்படுத்தும் கருவியாக வம்சாவளி பயன்பட்டது. கல்வெட்டின் 'குலச் சிறப்பு' அம்மரபின் கடைக்குட்டியே. ஆட்சியாளரின் ஏடுகளும் இதற்கு மாறானவையல்ல. போர்த்துக்கேயச் சொல்லாகிய 'தோம்பு' எமது பேச்சில் இன்றும் வழங்குகின்றது. தோம்பு வரி அறவிட எழுதப்பட்டது. எனவே நிலமும் கடமையும் உடையோரையே அது முதன்மையாக அறிந்தது. தேசவழமைத் தொகுப்பில் கோவியர், பள்ளர், நளவர் ஆகியோர் அடிமைகள் பற்றிய பகுதியில் இடம்பெறுகின்றனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல். அதற்கு முற்பட்ட காலத்தில் தம் முன்னோரைத் தேடும் ஒடுக்கப்பட்ட மக்களின் சந்ததியினர் அவர்களை மனிதராக அன்றிப் பிறரின் உடைமையாகவே ஏடுகளில் காணும் நிலை உள்ளது. உடைமையாளனின் வம்சாவளி தெரியாமல் உடைமையானவனின் வம்சாவளியைத் தேடமுடியாது என்பது எவ்வளவு கொடிய முரண்!

பின்னைய பதிவுகளிலும் அநீதி நீங்கியதெனக் கூறல் அரிது. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பெயர்களை ஐயா, பிள்ளை, அம்மா என்ற ஈறுகளின்றிக் குறுக்கி எழுதும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. கந்தசாமி என்று பெற்றோர் இட்ட பெயர் பதிவில் கந்தன் ஆகும். தேடுவோர் முழுப் பெயரை இட்டுத் தேடி, இல்லை என்ற விடையைப் பெறுவர். இலவசக் கல்வியும், 1960களின் பிற்பகுதியில் மாவிட்டபுரம் போன்ற இடங்களில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் ஏற்படுத்திய மாற்றத்தின் பின்னரே, இச்சமூகத்தினரின் கல்வெட்டுகள் கூடுதலாக எமது பார்வைக்குக் கிட்டுகின்றன. அவற்றில் குலச் சிறப்பின் இடத்தைத் தொழிற்சங்க வாழ்வும் பாடசாலை கட்டிய உழைப்பும் நிரப்புவதை நாம் கண்டுள்ளோம். அதற்கு முன்னைய தலைமுறைக்கு, கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) போன்ற நாவல்களும், டொமினிக் ஜீவாவின் தன்வரலாறான 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திர'மும் ஆவணத்துக்கு ஈடாக நிற்கின்றன. புனைகதையைச் சான்றாகக் கொள்ளலாமா என வினவும் வரலாற்று நண்பருக்கு எமது மறுமொழி: கல்வெட்டு விருத்தத்தைச் சான்றாகக் கொள்ளும்போது எழாத ஐயம் இங்கு மட்டும் எழுவதேன்?

இன்னொரு இழப்பையும் மறைத்தல் நேர்மையன்று. 1990 ஒக்ரோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை ஓரிரு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றியபோது, அம்மக்களின் வீட்டுப் பெட்டிகளும் உறுதிகளும் குடும்பக் குறிப்பேடுகளும் பின்னே விடப்பட்டன. 1981 இன் சாம்பலைப் பற்றி எழுதும் எம்மவர் கைகள் 1990 ஐ எழுதும்போது தயங்குவதை நாம் பலமுறை கண்டுள்ளோம். யாழ்ப்பாணக் குடும்ப வரலாறு என்ற தொடரில் சோனகத் தெருவும் அடங்கும்.

அரசின் படிவம் ஒன்றையும் குறிப்பிடுதல் தகும். இலங்கைப் பிறப்புப் பதிவில் தந்தைவழிப் பாட்டனின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்பவற்றைக் கேட்கும் கூடு உண்டு. தந்தை இலங்கையிற் பிறவாதவராயின் பூட்டனைக் கேட்கும் கூடும் உண்டு. குடும்ப மரம் வரைவோர் இதனைக் கண்டு மகிழ்வர். நாமும் முதலில் மகிழ்ந்தோம். அக்கூட்டின் பின்னால் நிற்பது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர் என்றோ நிறுவமுடியாதோரை அது பிரசைகளாக ஏற்கவில்லை. மலையகத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு வசதியான தகவலாக அமையும் அதே கூடு, அட்டனிலும் பதுளையிலும் ஒரு மனிதனின் இருப்புக்கே வினாவாயிற்று. வம்சாவளி தெரியாதவன் மனிதனல்லன் என்ற கருத்து கல்வெட்டுப் புலவரிடமிருந்து பாராளுமன்றம் வரை சென்றிருக்கின்றது. தாய்வழியாகவும் பிரசாவுரிமை பெறலாம் என்ற திருத்தத்துக்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவற்றை மனங்கொண்டு, ஆவணங்களை ஒழுங்கு செய்யும் முறை பற்றிச் சில சொல்லலாம். பெரும்பாலோர் மரத்தை முதலில் வரைந்துவிட்டு அதற்கு ஆதாரம் தேடுகின்றனர். நாம் பரிந்துரைப்பது மறுதலை. கிடைத்த ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு சீட்டு எழுதுக: இது எது, எவர் எழுதியது, எவர் பொருட்டு எழுதியது, எவர் பெயர் வருகின்றது, எவர் பெயர் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. இறுதி வினாவே முதன்மையானது. ஒரே செய்தி கல்வெட்டிலும் உறுதியிலும் முரண்பட்டால் ஒன்றை அழித்து மற்றதை எழுதாது, இரண்டையும் வைத்திருத்தல் வேண்டும், அம்முரண்பாடே வரலாறு. ஆட்பெயர் மயக்கம் தரும் இடத்தில் குறிச்சியின் பெயரும் காணியின் பெயரும் துணைசெய்யும். ஒரே ஊரில் ஒரே பெயருடைய கந்தையாக்கள் எழுவர் இருப்பர், ஒரே வளவில் இருவர் இருத்தல் அரிது. இணையத்தில் இடும்போது உயிரோடிருப்போரின் விவரங்களை விட்டுவிடல் கடமை. விவாகப் பேச்சில் சாதி விசாரிக்கும் வேலையைச் சில குடும்ப மரங்கள் எளிதாக்கி வருகின்றன என்பதையும் நாம் அறிவோம். தரகர் ஊருக்குப் போய்ச் செய்த விசாரணையை இனிக் கணினி முன் இருந்தே செய்யலாம் எனின், அத்தகைய 'வேர்களைத் தேடலை' முற்போக்கு எனச் சொல்ல எமக்கு நா எழவில்லை.

முன்னர் குறித்த நன்கொடை உறுதிக்கு மீண்டும் வருவோம். அதில் காணியிலுள்ள பனைகளின் தொகை உண்டு, கிணற்றுப் பங்கு உண்டு, வழிவாய்க்கால் உண்டு. அப்பனைகளில் ஏறிக் கள்ளிறக்கிக் காணியின் தெற்கு மூலையில் கொட்டில் போட்டு இருந்த குடும்பம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாடசாலை எழுந்தபோது அவர்கள் எழுப்பப்பட்டனர். அப்பாடசாலையில் அவர்களின் பிள்ளைகள் வாங்கில் இருந்து படிக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன. அக்குடும்பத்து முதியவர் ஒருவரைச் சென்ற ஆண்டு கண்டு பேசினோம். தம் பாட்டியின் பெயரையும் அவளுடைய தாயின் பெயரையும் தடுமாறாது சொன்னார். அதற்கு மேல் தமக்குத் தெரியாது என்றார். காணியைப் பற்றிக் கேட்டபோது, உறுதியிலுள்ள பெயரை அவர் கேள்விப்பட்டதேயில்லை. தம் ஆட்கள் அதற்கு வழங்கிய வேறொரு பெயரைச் சொன்னார். இரண்டு பெயரையும் ஒரே சீட்டில் எழுதி, அவர் சொன்ன திகதியையும் இட்டு வைத்துள்ளோம்.